தாத்தா பேரில் இருந்த இரட்டைக்குழல்: வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா?

கோத்தகிரி_மேல்தெரு கேட்டது:

வணக்கம். தாத்தா பேரில் லைசென்ஸோடு ஒரு 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி நாலு மாதம். துப்பாக்கி இன்னும் பீரோவில்தான், தோல் உறைக்குள். கூடவே காகிதத் தோட்டா ஒரு டப்பா. குழலின் மேல் மரவரி மாதிரி சுருள் சுருளாகக் கோலம் ஓடுகிறது, அடியில் சின்னச் சின்ன ஆங்கில முத்திரைகள்.

தெரிய வேண்டியவை:

ஒன்று, லைசென்ஸை என் பேருக்கு மாற்ற முடியுமா? வயது 34, சொந்தத் தேயிலை 2 ஏக்கர்.

இரண்டு, இது சுடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

மூன்றாவதுதான் வீட்டில் ஓடும் சண்டை. "துப்பாக்கி இருக்கிற வீடுன்னா சம்பந்தம் பேச வர்றவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, கொடுத்துத் தொலை" என்கிறார் அம்மா. "அது இந்த வீட்டு மரியாதை" என்கிறார் பெரியப்பா. துப்பாக்கி வைத்திருப்பவரைப் பற்றி அது உண்மையில் என்ன சொல்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஃபாரம்_ஏ1 பதில்:

மூன்று கேள்விக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் ஆளோடு போய்விடும். அவர் காலமான நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவு: தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நாலு மாதம் என்பது தாமதம்தான். நீங்களாகவே போவதற்கும் அவர்கள் வந்து எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ் ஏறாதீர்கள். லைசென்ஸ் இல்லாத நீங்கள் அதை ரோட்டில் எடுத்துப் போவதே தப்பாகப் படும். முதலில் ஒரு மனு: காலமானவர் பேர், லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், ஒப்படைக்க விரும்புவது. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் தயாரிப்பாளர் பேர், எண், போர் அளவு, குழல் நீளம், தோட்டா எத்தனை, உறை, துடைக்கும் கம்பி எல்லாம் எழுதியிருக்க வேண்டும். "பழைய துப்பாக்கி 1" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எண்ணைப் படமெடுத்து லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் 3ஐ 8 என்றும் 1ஐ 7 என்றும் கையால் எழுதிய பிழை சகஜம். பேர் மாற்றும்போது அந்த ஒரு எழுத்தில்தான் ஃபைல் மாதக்கணக்கில் தூங்கும்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்குத் தனி விதி இருக்கிறது. காலமான பிறகும் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே, லைசென்ஸ்காரர் 70 வயதைத் தொட்டிருந்தாலோ அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ கேட்கலாம். (வீட்டில் வயதானவர் பேரில் வைத்திருக்கும் மற்றவர்கள் கவனிக்க. இந்த வசதி தெரியாமலேதான் பலரும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறார்கள்.)

தேவைப்படுபவை: ஏ-1 என்ற விண்ணப்பப் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், பழைய லைசென்ஸ் அசல், ஒப்படைத்த ரசீது, மனநிலையும் சேர்த்துச் சொல்லும் மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற உறுதிமொழி. இதில் வாரிசுகள் சம்மதத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த அத்தை ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவ்வளவுதான். உங்கள் பெரியப்பாவும் வாரிசு. அவருக்கே அது வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் தாத்தா பேருக்குத் தனி அடையாள எண் இருந்ததா என்றும் பாருங்கள். அது இல்லாத பழைய புத்தகம் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நீலகிரிக்கென்று இன்னொன்று, சமவெளிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 34: சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புது ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். முதுமலை, முக்கூர்த்தி இரண்டும் இந்த மாவட்டத்தில். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்ட பிறகு மேல்பழனி மலைக்காரர்களுக்கும் இதே நிலைமை. கோத்தகிரி டவுன் தள்ளி இருக்கிறது. ஆனாலும் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லைசென்ஸ் கிடைத்தால் 5 வருடத்துக்கு. 2019 திருத்தத்துக்கு முன் 3 வருடம். அதே திருத்தம் ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி என்று குறைத்தது. பாட்டன் சொத்து என்று மூன்றாவதற்குச் சலுகை கிடையாது.

---

பழைய_குழல் பதில்:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நீங்க சொல்ற மரவரி கோலம் டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, கம்பியைச் சுத்திச் சூட்டில் அடிச்சு ஒட்டினது. அந்தக் காலத்துக் கருமருந்துக்கு நல்லாத் தாங்கும். இப்போ வர்ற புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கு அதை நம்பக்கூடாது. ஒட்டின இடத்துக்குள்ள துரு ஓடியிருந்தா வெளியே தெரியாது. வெடிக்கிறப்போ பிளக்கிற இடம் பெரும்பாலும் தோட்டா உட்கார்ற அறைக்கு முன்னால, முன்கட்டையைப் பிடிக்கிற இடது கை இருக்கிற இடம்.

ஸ்டேஷன்ல கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான். குழலை முன்பக்கம் தூக்கிப் பிடிச்சுத் திறந்து, ரெண்டு அறையும் காலியான்னு கண்ணால பாருங்க, விரலும் விட்டுப் பாருங்க. நாலு மாசமா யாரும் தொடலைன்னா குண்டு இருக்காதுன்னு நினைக்காதீங்க. வயசானவங்க ராத்திரிக் காவலுக்குன்னு ஒண்ணு போட்டு வெச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் குழலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாருங்க. மலையில பீரோவுக்குள்ள இருந்த துப்பாக்கியில குளவி மண்கூடு கட்டியிருக்கும், அடைப்போட சுட்டா குழல் வீங்கும் இல்ல கிழியும்.

மத்த சோதனையெல்லாம் லைசென்ஸ் வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள ஆயுத மெக்கானிக் கையால. என்ன பார்ப்பாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க, ஏமாத்த முடியாது.

முத்திரை: குழலைக் கழட்டினா அடியில தட்டையான இடத்துல இருக்கும். லண்டன், பர்மிங்ஹாம் ரெண்டு ஊர்லயும் அழுத்தச் சோதனை சாலை உண்டு. 'நைட்ரோ ப்ரூஃப்'னு எழுத்து இல்லைன்னா அது கருமருந்துக்கு மட்டும் சோதிச்சது. டயமண்ட் கட்டத்துக்குள்ள 12ம் 'சி'யும் இருந்தா 12 போர், சாதாரண அறை. அறை நீளம் பழசுல அடிச்சிருக்க மாட்டாங்க, அளக்கணும். 'நாட் ஃபார் பால்'னு இருந்தா வாய்ப்பக்கம் குறுகின குழல், ஒத்தைக் குண்டு போடக்கூடாது.

மாட்டுற இடம் அறை நீளம்தான். பழைய இங்கிலீஷ் துப்பாக்கி நிறைய 65 மி.மீ. (ரெண்டரை இஞ்ச்). இப்போ கடையில கிடைக்கிறது பெரும்பாலும் 70. சுடாத 70 தோட்டாவோட வாயை மடிச்சிருக்கிறதால அது 60 மி.மீ. கிட்டத்தான் இருக்கும், 65 அறையில சுகமா உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாம குழல் குறுகுற இடத்துல போய் நிக்கும், அழுத்தம் ஏறும். "உள்ள போச்சு, அப்போ சரி"ங்கிற கணக்கு இங்க செல்லாது.

தட்டிப் பார்க்கிறது: குழலைத் தனியாக் கழட்டிக் கொக்கியில ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால லேசாத் தட்டணும். கோயில் மணி மாதிரி நீளமா ஒலிச்சா ரெண்டு குழலையும் சேர்க்கிற பட்டை கெட்டியா இருக்கு. 'தொப்'புனு செத்த சத்தம் வந்தா ஈயப்பத்து விட்டிருக்கு, இல்ல விரிசல்.

காகிதத் தோட்டா மலை ஈரத்துல ஊதியிருக்கும். பாதி உள்ள போய் நிக்கும், அடிச்சு ஏத்தினா ஆபத்து. அதைச் சுட்டும் பார்க்காதீங்க, புதைக்காதீங்க, அடுப்புல போடாதீங்க. எண்ணி, ரசீதுல எழுதிக் கொடுத்துடுங்க.

அப்புறம் அந்தத் தோல் உறை. இன்னைக்கே வெளியே எடுங்க. தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், பதம் போட்ட உப்பும் அதுல இருக்கும், உறைக்குள்ளயே இருந்தா குழல் பூராவும் புள்ளி புள்ளியா அரிக்கும். வெளிய காய்ஞ்ச துணியால துடைச்சு மெல்லிசா மெஷின் எண்ணெய் தடவிக் கொடுங்க. ஸ்டேஷன் பாரா ரூம்ல எண்ணெய் தடவ யாரும் இல்லை, ஐப்பசி மழையில மூணு மாசம் அங்க இருந்தா போதும்.

---

கோத்தகிரி_மேல்தெரு:

மிக்க நன்றி. அறை காலிதான். மனு எழுதிவிட்டேன். ஒரு யோசனை: சுடவே போவதில்லை என்றால், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு நெருப்படுப்புக்கு மேலே சுவரில் மாட்டினால் லைசென்ஸ் வேண்டாம்தானே? பெரியப்பாவுக்கு அதுவே போதும்.

---

ஃபாரம்_ஏ1:

வேண்டும். 45ஆம் பிரிவு விலக்குக் கொடுப்பது பழம்பொருளுக்கோ கெட்டுப்போன ஆயுதத்துக்கோ. அதுவும் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான். ஊசி புதிதாகப் போட அரை மணி நேரம். ஆகவே ஊசி இல்லாத துப்பாக்கியும் துப்பாக்கியே. நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய 2016 விதிகளில் வழி இருக்கிறது, ஆனால் அதை அனுமதி வாங்கி, அதற்கு உரிமம் உள்ள இடத்தில் செய்து சான்று பெற வேண்டும். வீட்டில் ரம்பம் எடுக்கக்கூடாது. விற்பதானால் லைசென்ஸ் உள்ள வியாபாரிக்கு விற்கலாம். தனி ஆளுக்கு என்றால் அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், 45 நாள் முன்பே கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

---

பழைய_குழல்:

நெருப்படுப்புக்கு மேல மாட்டுறது துரை பங்களா பழக்கம், துப்பாக்கிக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ராத்திரி சூட்டுல கட்டை சுருங்கும், பகல் மூடுபனியில ஊறும். மாறி மாறி நடந்தா கட்டை தலைப்பக்கம் விரியும், திருகு தளரும். நிறைய எண்ணெய் விட்டு நேரா நிமித்தி வெச்சா எண்ணெய் வழிஞ்சு கட்டைக்குள்ள இறங்கி, இரும்போட சேர்ற இடம் கறுத்து மெத்துனு ஆயிடும். வாயைக் கீழ பார்த்து வைக்கிறது அதுக்குத்தான். இரும்புப் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல் பை, மழைக்காலத்துல வாரம் ஒருதரம் துடைப்பு. தோட்டா வேற பெட்டி, வேற சாவி.

---

தாண்டிக்குடி_மிளகு பதில்:

கேள்வியில '2 ஏக்கர் தேயிலை'ன்னு போட்டிருக்கீங்க. பன்றி, காட்டுமாடு விரட்ட இது உதவும்னு ஒரு எண்ணம் இருந்தா அதை இப்பவே விட்டுருங்க. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்ங்கிறது தனி. ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவுல அதுக்கு முதல்ல சொல்றது குழல் வாய்வழியா மருந்து நிரப்புற நாட்டுத் துப்பாக்கி. அதையும் நிலத்துக்கு வெளியே தூக்கிட்டு அலைய முடியாது. பட்டா, சிட்டா காட்டணும். கூடலூர் ஜன்மம் நிலம் மாதிரி பட்டா தகராறு இருக்கிற இடத்துல இதிலேயே சிக்கல் வரும்.

லைசென்ஸ் இருந்தா மட்டும் மிருகத்தைச் சுடலாம்னு அர்த்தமில்லை. இதைத்தான் மலையில பாதிப் பேர் குழப்பிக்கிறாங்க. ஆயுதச் சட்டம் துப்பாக்கியை வெச்சிருக்க விடுது. சுடறதை முடிவு பண்றது வன உயிரினச் சட்டம். காட்டுமாடு, யானை, சிறுத்தை, கரடி எல்லாம் முதல் அட்டவணை. சுட்டா குறைஞ்சது 3 வருஷம் ஜெயில், 7 வரை போகும், அபராதம் 25,000க்குக் குறையாது. காட்டுப்பன்றி இப்போ ரெண்டாம் அட்டவணை. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில சொன்ன ஏற்பாடு: காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கி.மீ.க்குள்ள சுடக்கூடாது, 1 முதல் 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3 கி.மீ. தாண்டினா சுடலாம். சுடறது வனத்துறை, விவசாயி இல்லை. மேல்பழனியில காட்டுல இருந்து 3 கி.மீ. தள்ளித் தோட்டம் வெச்சிருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சட்டம் எங்களுக்கு எழுதினது இல்லைன்னு வயிறெரிஞ்சாலும் நிலைமை இதுதான்.

சட்டத்தை விடுங்க, வேலைக்கும் ஆகாது. பன்றி வர்றது ராத்திரி, கூட்டமா. நாட்டுத் துப்பாக்கியில ஒரு வெடி. அடுத்தது நிரப்ப மருந்து, துணி, குண்டு, குத்துக்கம்பி, கேப்புன்னு ஒரு நிமிஷம் போகும். மூடுபனியில மருந்து ஈரம் பிடிச்சா கேப்பு மட்டும் வெடிச்சு உள்ள தங்கிடும். அப்போ குனிஞ்சு குழலுக்குள்ள எட்டிப் பார்த்துக் கண்ணு போனவங்க உண்டு. கேப்பு வெடிச்சும் சத்தம் வரலைன்னா வாயை ஆளில்லாத பக்கம் காட்டி அரை நிமிஷமாவது அசையாம நிக்கணும். போட்டோமா இல்லையான்னு மறந்து ரெண்டு தரம் நிரப்பினா குழல் பிளக்கும். குண்டு மருந்து மேல உட்காராம நடுவுல நின்னா அந்த இடத்துல வளையமா வீங்கும். தோட்டாவை உடைச்சு அந்த மருந்தை இதுல கொட்டுறவன் ரெண்டாவது தரம் கொட்ட மாட்டான், கை இருக்காது.

சரிவுல இன்னொரு ஆபத்து. மேல்பாத்தியில இருந்து கீழே சுட்டா பன்றிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பனியில தெரியாது. ரோடு இருக்கும், லயன் வீடு இருக்கும். அடிபட்ட பன்றி காபிச் செடிக்குள்ள படுத்துக்கிட்டு விடியக்காலை பழம் பறிக்கப் போறவங்க மேல பாயும்.

அதனால சோலார் வேலிக்குச் செலவு பண்ணுங்க. கீழ்க்கம்பி தரையில இருந்து 20 செ.மீ., அடுத்தது 40. 20க்கு மேல போனா பன்றி மூக்கால நெம்பி உள்ள வரும். கடைசி முனையில மீட்டர் வெச்சா 5 கிலோ வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. குறைஞ்சா முதல்ல களையைப் பாருங்க, மழை மாசத்துல ரெண்டு வாரம் வெட்டாம விட்டா உண்ணிச்செடியே மொத்தத்தையும் தரைக்கு இறக்கிடும். அடுத்து எர்த்து: 2 மீட்டர் ஜி.ஐ. ராடு மூணு, மூணு மீட்டர் இடைவெளி. பாறை மண்ணுல மாசி பங்குனிக்கு எர்த்து எடுக்காது. அதுக்கு ஒரு கம்பியையே எர்த்துக் கம்பியா வேலியோட ஓட்டணும். 2023ல வந்த மின்வேலி விதிப்படி காப்புக்காடு பக்கத்துல இருந்தா வனத்துறை அனுமதியும் வேணும். வீட்டு லைன்ல இருந்து கரண்டு இழுக்கிறது கொலை, மாடும் சாகும், ஆளும் சாவாங்க.

---

வெலிங்டன்_பஜார் பதில்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. உங்கள் அம்மாவும் பெரியப்பாவும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

பெரியப்பா சொல்லும் மரியாதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. அதற்கு முந்தைய வருடம்தான் ஊட்டியில் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. ஆயுதச் சட்டத்துக்கு அடுத்த வருடமே, 1879இல், நீலகிரிக்கென்று தனியாக வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம். எந்த மாதம் சுடலாம், யார் சுடலாம் என்று அது வரையறுத்தது. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் இருந்தவர்களும் துரையிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆனது. ஆக இங்கே துப்பாக்கி என்பது வேட்டைக் கருவியாக இருந்ததைவிட, சர்க்கார் இவரை நம்புகிறது என்று எழுதிக் கொடுத்த காகிதமாகத்தான் இருந்தது. துரைகள் போன பிறகு எஸ்டேட் மேனேஜர், மணியக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்று அந்தக் காகிதம் கை மாறியது. பெரியப்பாவுக்கு மரியாதையாகத் தெரிவது அதுதான். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற காரணமும் படிப்படியாகப் போய்விட்டது.

பக்கத்தில் குடகை எடுத்துக்கொள்ளுங்கள். குடகு இனத்தவருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவருக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு, அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே சம்பந்தம் பேச வருபவர் துப்பாக்கி இல்லாத வீட்டைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார். அதே 12 போர், மலை மாறினால் அர்த்தம் மாறுகிறது. எனவே துப்பாக்கி வைத்திருக்கிறார் என்ற ஒன்றை வைத்து ஆளை எடைபோட முடியாது.

எதை வைத்துப் போடலாம் என்றால், மேலே பழைய_குழல் சொன்னதை வைத்து. தோட்டாச் சாவி எங்கே, துப்பாக்கிச் சாவி எங்கே, வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கும் டப்பாவில் இருப்பதற்கும் கணக்கு ஒத்துப்போகிறதா? வீட்டுக்கு வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறாரா? கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறாரா? குடித்தபின் பெட்டியைத் திறக்கிறாரா? பெண் வீட்டார் கேட்க வேண்டியது இந்தக் கடைசி இரண்டும்தான்.

---

பனிமூட்டம்:

வெலிங்டன்காரர் நைசாகத் தப்பிக்கிறார். காட்டுக்கு நடுவே ஒற்றை வீட்டில் இருப்பவர் கேட்பது வேறு. டவுனுக்கு நடுவில், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருப்பவர் "உயிருக்கு ஆபத்து" என்று விண்ணப்பம் போட்டு கைத்துப்பாக்கி கேட்பது வேறு. இரண்டாவது ரகம் மலையிலும் வந்துவிட்டது, ரிசார்ட், ரியல் எஸ்டேட் பணத்தோடு. அவர்களைப் பற்றித் துப்பாக்கி நிறையவே சொல்கிறது. மிரட்டல் புகார் ஒன்றுகூட ஸ்டேஷனில் இருக்காது, இடுப்பில் உறை மட்டும் இருக்கும்.

---

வெலிங்டன்_பஜார்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்வது அந்த இடுப்பு உறைதான். அதே ஆள் அதை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் இருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

---

தாண்டிக்குடி_மிளகு:

நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களைக் கணக்குல சேர்க்கலையே யாரும். லைசென்ஸ் இல்லாம அதை வெச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், 5 வரைக்கும். மாட்டினவங்களைப் பேப்பர்ல 'வேட்டைக் கும்பல்'னு போடுவாங்க. அதுல கறி விக்கிறவனும் உண்டு. மூணு வருஷமா வாழைத்தார் ஒண்ணுகூட வெட்டாதவனும் உண்டு. ரெண்டு பேர் கையிலயும் அதே குழாய், அதே பால்ரஸ் குண்டு.

---

கோத்தகிரி_மேல்தெரு:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவே வாரிசாக விண்ணப்பம் போடுவதாகச் சொல்கிறார், வயது 66. கூடலூரில் அவர் வீடு. கிடைத்தால் தேர்தலின்போது மறுபடி ஒப்படைக்க வேண்டுமா?

---

ஃபாரம்_ஏ1:

நடத்தை விதி அமலுக்கு வந்ததும் மாவட்டக் குழு பார்த்து உத்தரவு போடும், பெரும்பாலும் ஒப்படைக்கத்தான் வேண்டும். முடிவு வந்து ஒரு வாரத்தில் திரும்பக் கிடைக்கும், ரசீது பத்திரம்.

கூடலூர் என்றால் மேலே சொன்ன 10 கி.மீ. விஷயம் நிச்சயம் வரும், முதுமலை பக்கம். விண்ணப்பத்தோடு வனத்துறைக்கும் ஒரு நகல் கொடுத்துவிடச் சொல்லுங்கள். லைசென்ஸ் வந்த பிறகு கோத்தகிரியிலிருந்து எடுத்துப்போகும்போது மசினகுடி, தெப்பக்காடு வழியே போகவே கூடாது; சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்தில் அனுமதி வேண்டும், லைசென்ஸ் கையில் இருந்தாலும். ஊட்டி, நடுவட்டம் வழியாகப் போகட்டும். குழலும் கட்டையும் தனித்தனியாகக் கழற்றி, தோட்டா வேறு பையில், லைசென்ஸ் அசல் சட்டைப்பையில்.

---

பழைய_குழல்:

அந்தத் தோல் உறையில மட்டும் போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க.